ரொறொன்ரோவில் விழப் பழகியது

காசு கட்டி நான் படித்த முதல் பாடம், விழுவது. அதற்கு முன் படித்ததெல்லாம் இலவசக் கல்வி. எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் வரை போய் விஞ்ஞானப் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். முதல் ஆள் மட்டுமல்ல, ஒரே ஆளும் நான்தான். அம்மா இன்றைக்கும் பெருவிரலில் மை பூசித்தான் கையெழுத்து வைக்கிறார். பெருமைக்காகத்தான் இதைச் சொல்கிறேன். பெருமைப்பட எனக்கு வேறு காணி பூமி கிடையாது.

எண்பத்தைந்தாம் ஆண்டு தை மாதம் ரொறொன்ரோவுக்குப் போனது அண்ணியின் பிரசவத்துக்காக. அண்ணன் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். கப்பலில் சமையற்கட்டு வேலைக்குப் போய், கனடாவில் இறங்கி, அப்படியே தங்கிவிட்டவர். ஹோட்டல் ஒன்றில் பாத்திரம் கழுவுகிறார். அண்ணியைப் பார்க்க ஆளில்லை என்று எழுதினார். நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில் சம்பளமில்லாத லீவு எடுத்துக்கொண்டு புறப்பட்டேன்.

விமான நிலையத்தில் என் பெட்டியைத் திறந்த அதிகாரி, அம்மா இடித்துக் கட்டித் தந்த சரக்குத்தூளில் மூக்கை வைத்துவிட்டார்.

"இது என்ன?"

"பிள்ளை பெற்றவளுக்கு."

"மருந்தா, சாப்பாடா?"

"இரண்டும்."

அவர் நன்றாகத் தும்மி முடித்து, கையை ஆட்டி என்னைப் போகச் சொன்னார். இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த சுலபமான வெற்றி அதுதான்.

அண்ணன் இருந்தது வெலஸ்லி வீதிப் பக்கத்து உயர்ந்த கட்டிடம் ஒன்றில். யன்னலைத் திறக்க முடியாது. மல்லி வறுத்தால் அந்த வாசம் மூன்று நாளைக்குக் கதிரையிலும் கோட்டிலும் நிற்கும். சரக்குக் கறிக்குப் பச்சை மீன் தேடி அலைந்தேன். கடையில் கிடைத்ததெல்லாம் பலகை போல உறைந்த மீன். கறிவேப்பிலை இல்லை. அண்ணி குறை சொல்லாமல் சாப்பிட்டார். பிள்ளை பெற்ற மூன்றாம் நாளே எழுந்து குளிக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். "எங்கடை ஊரிலை எண்டால் என்னைக் கொன்றே போட்டிருப்பினம்," என்று சிரித்தார்.

ஒருநாள் குழந்தைக்குச் சட்டை வாங்கப் போய், சப்வேயில் தெற்கே போவதற்கு வடக்கே போகும் ரெயிலில் ஏறிவிட்டேன். நெரிசல். எனக்குப் பின்னால் நின்ற ஒருவன் உடம்போடு உடம்பாக ஒட்டினான். நான் விலகினேன், அவனும் விலகினான், என் பக்கமாகவே. போட்டிகளில் ஆங்கிலத்தில் பேசிப் பரிசு வாங்கியவள் நான். அன்றைக்கு எனக்கு ஆங்கிலமும் வரவில்லை, தமிழும் வரவில்லை. கதவு திறந்ததும் தெரியாத ஸ்ரேசனில் இறங்கி, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் செய்ததைவிட, நான் மரமாக நின்றதுதான் என்னை அதிகம் சுட்டது.

கதையை மல்லிகா அக்காவிடம் சொன்னேன். மேல் மாடியில் இருப்பவர், யாழ்ப்பாணத்தவர், நாற்பதை நெருங்குகிற வயது. கணவருக்குப் பிறம்ரனில் பண்டகசாலை வேலை, விடியுமுன் போய்விடுவார். அக்காவுக்குத் துணையும் இல்லை, ஆங்கிலமும் அதிகம் இல்லை.

"உதுக்குத்தான் பிள்ளை, நான் ஜூடோ பழகப் போறன். சமூக நிலையத்திலை பெரிய ஆக்களுக்கு வகுப்பு இருக்குதாம். படிப்பிக்கிறவன் என்ன சொல்லுறான் எண்டு விளங்கவேணுமே? நீர் படிச்சனீர், துணைக்கு வாரும்."

போனேன்.

வகுப்பு நடந்தது நீச்சல் குளத்துக்குப் பின்னால், குளோரின் மணக்கிற ஒரு மண்டபத்தில். நிலம் முழுவதும் தடித்த பாய். படிப்பித்தவர் பேலா, ஹங்கேரியர். பகலில் தளபாடக் கடைக்கு சோபா ஏற்றி இறக்குகிறவர், விட்பியிலிருந்து காரில் வருவார். பனி கொட்டினால் வகுப்பு பிந்தும். அவருடைய ஆங்கிலமும் கடன் வாங்கியதுதான். அதனால் எனக்கு விளங்கியது. நான் தமிழாக்கி அக்காவுக்குச் சொன்னேன்.

முதல் நாளே மூன்று வழக்கு. கால் நகம் வெட்டி வரவேண்டும். தலையில் எண்ணெய் கூடாது, நாங்கள் உருண்ட இடமெல்லாம் பாயில் பளபளப்பு. மூன்றாவது, நகை கழற்றவேண்டும். அக்கா தாலியைக் கையால் பொத்திக்கொண்டார்.

"சொல்லும் பிள்ளை, இது நகையில்லை எண்டு."

நான் பேலாவுக்கு ஒரு பிரசங்கமே செய்தேன். கணவன் உயிரோடிருக்கும்வரை கழற்ற முடியாது, இது எங்கள் வழக்கம், வழக்கத்தை மதிக்க வேண்டும் என்று. பேலா தலையைச் சொறிந்தார். பிறகு ஒட்டுத்துணிச் சுருள் ஒன்றைக் கொடுத்தார். தாலியை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு அக்கா வகுப்புக்கு வந்தார். ஆண்களோடு பழகமாட்டேன் என்றார். அதையும் மொழிபெயர்த்தேன், அதையும் பேலா ஒப்புக்கொண்டார்.

என் வழக்கு வேறு. பாயில் கால் வைக்குமுன் குனிந்து வணங்க வேண்டுமாம். நான் குனியவில்லை. தோளில் கிடந்த சால்வையை இடுப்புக்கு இறக்கி அப்பா குனிந்த வாசல்களை நான் கண்டிருக்கிறேன். பேலாவுக்குக் கோபம் வரவில்லை. "இங்கே நானும் குனிவேன், பார்," என்று எனக்கு முன்னால் வந்து இடுப்பு மடியக் குனிந்தார். பட்டம் வாங்கிய அன்றுகூட என் முன்னால் யாரும் குனிந்ததில்லை. அதற்குப் பிறகு எனக்கும் இடுப்பு வளைந்தது.

வயது வந்தபின் பழகப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். முதல் நாளே யாரையாவது தூக்கி எறியலாம் என்று போகாதீர்கள். விழுவதற்குத்தான் வாரக் கணக்கில் பழக்குவார்கள். நாடியை நெஞ்சோடு சேர்த்து, முதுகை வளைத்து, கையால் பாயில் அறைந்து விழவேண்டும். குழந்தைகளுக்கு இது தானாக வரும். வளர்ந்தவர்களோ விழுமுன் யோசிப்போம். அந்த யோசனைதான் மணிக்கட்டை முறிக்கும். இரண்டாம் நாள் காலையில் தலையணையிலிருந்து தலையைத் தூக்கக் கையின் உதவி வேண்டும். படியிறங்கும்போது கைபிடியைக் கட்டிப்பிடித்துப் பக்கவாட்டில் இறங்குவீர்கள். உடம்பில் நாவற்பழ நிறத்தில் கன்றல்கள் வரும். எனக்கு வந்த கன்றலைக் கண்டு அண்ணி, "ஆரடி அடிச்சது?" என்று கேட்டார். "காசு குடுத்து வாங்கினனான், அண்ணி," என்றேன்.

இன்னொன்று, எல்லோரும் எல்லோரையும் தொடவேண்டும். எதிரே நிற்பவரின் கொலரை ஒரு கையாலும் சட்டைக் கையை மறு கையாலும் பிடித்தால்தான் ஆட்டமே தொடங்கும். மணி அடித்தால் ஆள் மாறவேண்டும். எதிரே வந்தவரை வேண்டாம் என்று சொல்லக்கூடாது. உடம்பில் நோ இருந்தால் ஓரத்தில் உட்காரலாம், அவ்வளவுதான். அந்த விதியைப் பேலா சொல்லி நான் தமிழாக்கியபோது, உலகத்தில் இப்படியும் ஒரு சட்டம் இருக்கிறதே என்று மகிழ்ந்துபோனேன். ஜூடோவின் மேல் எனக்கு ஆசை வந்தது அங்கேதான், எறிவதில் அல்ல.

பெண்கள் மூன்று பேர். நான், மல்லிகா அக்கா, மரியா. மரியா போர்த்துக்கல்காரி, இரவில் அலுவலகங்கள் துடைக்கிறவள், எங்களைவிடப் பருமன். வகுப்பு முடிய அவள் உப்பு மீன் பணியாரம் ஒன்றை எடுத்து நீட்டுவாள். கருவாட்டு மணத்தில் எனக்குக் கண் கலங்கும். அக்கா புட்டும் சம்பலும் கொண்டுவருவார். ஒரே கிண்ணத்தில் நானும் அக்காவும் கைவைத்துச் சாப்பிட்டிருக்கிறோம்.

ஒரு சனிக்கிழமை, பஸ் பிந்தியதால் டோனட் கடையில் ஒதுங்கினோம். வெளியில் பனி பக்கவாட்டில் பெய்துகொண்டிருந்தது. அக்கா கோப்பியில் சீனி கலக்கியபடி கேட்டார்.

"பிள்ளை, ஊரிலை எவடம் எண்டனீர்?"

ஊரைச் சொன்னேன். பெயரை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் வாசிக்கிற நீங்களும் அடுத்த கேள்வியைக் கேட்பீர்கள்.

"அட, எங்கடை மாமி ஆக்கள் அங்கைதானே! கோயிலடியோ, சந்தையடியோ?"

"இரண்டும் இல்லை அக்கா. தோட்டங்களுக்கு அங்காலை."

"அங்காலையோ? அங்காலை ஆர் இருக்கினம்?" கரண்டி நின்றது. "அப்பா என்ன செய்யிறவர்?"

இந்தக் கேள்விக்கு எத்தனையோ விதமாகப் பதில் சொல்லித் தப்பலாம். எனக்குத் தெரியாததல்ல.

"கள்ளுச் சீவுறவர், அக்கா."

"ஓ." வெளியே பார்த்தார். "உம்மடை அண்ணை வயலும் கமமும் எண்டெல்லோ சொன்னவர்?"

"அண்ணைக்கு ஞாபகமறதி."

அக்கா சிரிக்கவில்லை. கோப்பி பாதியில் நின்றது. பஸ் வந்தபோது முன்னால் ஏறி, முன்னாலேயே உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த வகுப்புக்கு நான் உழுந்து வடை கொண்டுபோனேன். "விரதம் பிள்ளை, வீட்டை கொண்டுபோறன்," என்று கடதாசியில் சுற்றி வாங்கினார். மரியா கொடுத்த மீன் பணியாரத்தைத் தின்றபடியே சொன்னார். உடை மாற்றும் அறைக் குப்பைத் தொட்டியில், அதே கடதாசிப் பொட்டலத்தைக் கண்டேன். பிரித்துப் பார்க்கவில்லை. எண்ணெய் ஊறியிருந்தது, போதும்.

அன்று ஆள் மாறும் மணி அடித்தது. அக்கா எனக்கு எதிரே வந்தார். நான் குனிந்து நிமிர்ந்து கையை நீட்டினேன். அவர் தன் இடுப்பைப் பிடித்தார்.

"எனக்கு முதுகு நோ எண்டு சொல்லு."

அதுவரை மரியாதையாகச் "சொல்லும்" என்றவர். நான் பேலாவிடம் திரும்பி, நல்ல ஆங்கிலத்தில், இலக்கணப் பிழையில்லாமல் சொன்னேன், இவருக்கு முதுகு நோகிறதாம். பேலா உட்காரச் சொன்னார். நான் தனியாக நின்று காற்றைப் பிடித்துப் பழகினேன். அடுத்த மணிக்கு மரியாவின் முறை. அக்கா துள்ளி எழுந்தார்.

இதுவே வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு வகுப்பிலும் என் முறையில் நோ, மரியாவின் முறையில் சுகம். ஒவ்வொரு முறையும் மொழிபெயர்ப்பு நான். பேலாகூட ஒருநாள் சிரித்தார். "உன் சிநேகிதியின் முதுகு விசித்திரமானது. மணிக்கூடு பார்த்து நோகிறது."

"என்னவாம்?" என்றார் அக்கா.

"முதுகைக் கவனமாய்ப் பாக்கட்டாம்," என்றேன்.

கதை எங்களுக்கு முன்னால் மாடிப்படி இறங்கிவிட்டது. அண்ணன் ஒருநாள் வேலையால் வந்து, பூட்ஸைக் கழற்றாமலே கூடத்துக்குள் நின்றார்.

"அப்பற்றை தொழிலைச் சொல்லச் சொல்லி உன்னை ஆர் கேட்டது?"

"மல்லிகாக்கா கேட்டவ. சொன்னன்."

"கேட்டால் சொல்லுறதே? லிப்ற்றிலை அவவின்ரை மனிசன் இண்டைக்கு என்னைப் பாத்து முகத்தைத் திருப்பிறான். ஆறு வருசம் நான் இஞ்சை மனிசனாய் இருந்தனான்."

"அங்கை என்னவாய் இருந்தனீங்கள், அண்ணை?"

 உள்ளேயிருந்து அண்ணி, "மெல்லக் கதையுங்கோ, பிள்ளை முழிச்சிடும்," என்றார். அண்ணன் கதிரையில் குந்தி பூட்ஸ் நாடாவை அவிழ்த்தார். பனி உருகிக் கம்பளத்தில் ஊறியது.

"இனி உந்த வகுப்புக்குப் போகாதை. உனக்கென்ன, நீ பிளேன் ஏறிப் போயிடுவாய். நான் இந்த லிப்ற்றிலை நாளைக்கும் ஏறவேணும்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனாலும் சொன்னேன். "மஞ்சள் பட்டி எடுத்துப்போட்டுத்தான் பிளேன் ஏறுவன்."

மஞ்சள் பட்டி, தொடக்கக்காரருக்கான முதல் படி. ஒரு துண்டு துணிதான். ஆனால் எனக்கு அது வேண்டியிருந்தது. அதுவரை நான் சித்தியெய்திய பரீட்சைகள் எல்லாம் பேனையும் கடதாசியும். அவற்றில் யாரும் என்னைத் தொடவேண்டியிருக்கவில்லை. விடைத்தாளில் பெயர் இல்லை, சுட்டெண்ணை மட்டும் பார்த்துப் புள்ளி போட்டார்கள், அதனால்தான் சித்தியெய்தினேனோ என்றுகூட நினைத்ததுண்டு. இந்தப் பரீட்சையில் இன்னொருவர் என்னைப் பிடிக்காமல், நான் அவரைப் பிடிக்காமல் முடியாது.

பரீட்சை, நான் ஊருக்குத் திரும்புவதற்கு முந்திய சனிக்கிழமை. போகிற வழியில் தெருத்தண்டவாளத்தில் ட்ராம் ஒன்று பழுதாகி நிற்க, அதற்குப் பின்னால் வரிசையாக ஏழெட்டு ட்ராம் நின்றன. எங்கள் ஊர் பஸ் பழுதானால் சனம் இறங்கித் தள்ளும், சாரதியின் பரம்பரையையே திட்டும். இங்கே ஒருவரும் வாய் திறக்கவில்லை, கடிகாரத்தைக்கூட மறைத்துத்தான் பார்த்தார்கள். நான் இறங்கிப் பனிச்சேற்றில் ஓடினேன்.

மண்டபத்தில் பேலா சோடி சேர்த்துக்கொண்டிருந்தார். எடை ஒத்தவர் ஒத்தவரோடு. "நீயும் உன் சிநேகிதியும்," என்றார் என்னிடம். மரியாவுக்கு அன்று மாலையே வேலை. ஒருவரோடு மட்டும் முடித்துக்கொண்டு ஓடவேண்டும்.

அக்கா என் பக்கம் பார்க்காமல், பாயைப் பார்த்துச் சொன்னார். "முதுகு நோ எண்டு சொல்லு."

பேலா என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். எல்லோரும் பார்த்தார்கள்.

"இவருடைய முதுகில் ஒன்றுமில்லை," என்றேன் ஆங்கிலத்தில். "இவர் என்னைத் தொட விரும்பவில்லை. எங்கள் நாட்டில் என் சாதி இவருடைய சாதிக்குக் கீழே என்று வைத்திருக்கிறார்கள். என் அப்பா மரமேறுகிறவர். அதுதான் இவருடைய முதுகு நோ."

 மரியா நெஞ்சில் சிலுவை போட்டாள். பேலாவுக்குக் காது சிவந்தது. உலகத்தின் புதிய சட்டம் இப்போது பேசும் என்று காத்திருந்தேன்.

"உங்கள் நாட்டு விவகாரம் எனக்கு விளங்காது," என்றார் அவர். "சண்டைகளைச் சப்பாத்தோடு வாசலில் கழற்றிவிட்டு வாருங்கள். இரண்டு பேரும்."

இரண்டு பேரும்.

"என்னவாம்?" என்றார் அக்கா.

"சண்டையை வாசலிலை கழட்டிப்போட்டு வரட்டாம்."

"நான் ஆரோடை சண்டை பிடிச்சனான்?" உண்மையாகவே ஆச்சரியப்பட்டார்.

பேலா விரைவாகச் சோடியை மாற்றினார். ஆண்களோடு அக்கா பழகுவதில்லை, ஆகவே மரியா அக்காவுக்கு. எனக்கு மிஞ்சியது கென், வங்கியில் வேலை செய்கிறவன், என்னைவிட ஒரு தலை உயரம், நல்ல மனிதன். அவனை இடுப்பில் ஏற்றி எறிவதுதான் பரீட்சை, என் இடுப்போ அவன் தொடையோடு நின்றது. முதல் முயற்சியில் அவன் அசையவில்லை. இரண்டாவதில் நான்தான் சறுக்கினேன். பிறகு அவன் குனிந்து, என் காதில் மெதுவாகச் சொன்னான்.

"நீ இழு, நான் விழுகிறேன்."

"விழவேண்டாம்," என்றேன்.

அவன் விழவில்லை. நான் இழுத்தேன், மறுபடி இழுத்தேன். முழங்கை கழன்றுவிடும் போலிருந்தது. பேலா கையைத் தூக்கி நிறுத்தினார். "வசந்தத்தில் மறுபடி ஒரு பரீட்சை வைப்பேன். அதற்கு வா," என்றார். வசந்தத்தில் நான் ஏழாம் வகுப்புக்கு ஒளித்தெறிப்பு படிப்பித்துக்கொண்டிருப்பேன் என்பது அவருக்குத் தெரியும்.

மரியா, அக்காவுக்காக நன்றாகவே விழுந்தாள். பேலா மஞ்சள் பட்டியை அக்காவின் இடுப்பில் கட்டிவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டாமல் நின்றால் பொறாமை என்பார்கள்.

எங்கள் இருவருக்கும் ஒரே பஸ், ஒரே தரிப்பிடம். நான் ஒரு முனையில் நின்றேன், அக்கா மற்ற முனையில். இருட்டத் தொடங்கியிருந்தது. பனி உருகி வீதியோரம் கறுப்புச் சேறாகக் கிடந்தது. ஒரு கார் வேகத்தைக் குறைத்து எங்களருகே வந்தது. யன்னல் இறங்கியது. உள்ளே நாலைந்து இளைஞர்கள். "பாக்கி," என்று கத்தினான் ஒருவன், பாகிஸ்தான்காரர் என்று எங்கள் நிறத்தவரையெல்லாம் அங்கே வைகிற சொல் அது. "உன் நாட்டுக்குப் போ." எங்களில் யாருக்குச் சொன்னான் என்று பிரித்துப் பார்க்க அவனுக்குத் தெரியவில்லை. பனிச்சேற்றுக் கட்டி ஒன்று பறந்து வந்து நடுவிலிருந்த கம்பத்தில் சிதறியது. கார் சிரித்துக்கொண்டு போய், சந்தியில் திரும்பியது, மறுபடி வரப்போவதைப் போல.

அக்கா ஓடிவந்து என் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்தார். 

"பிள்ளை, என்னைத் தனிய விட்டிட்டுப் போயிடாதேங்கோ."

எந்தப் பிடியிலும் பெருவிரல் இருக்கும் பக்கம் பலவீனமானது. அந்தப் பக்கமாகத் திருப்பி இழுத்தால் எவ்வளவு பெரிய ஆளின் கையும் கழன்றுவிடும். பேலா இதைச் செய்து காட்டியபோது எனக்குச் சரியாக வரவில்லை. அன்றைக்கு முதல் தடவையிலேயே வந்தது.

பஸ் வந்தது, அந்தக் கார் வரவில்லை. அக்கா ஏறி, முன் ஆசனத்தில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்து இடத்தைக் கையால் துடைத்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்தார். பஸ்சில் வேறு ஆசனம் காலியில்லை. கால் இரண்டும் கெஞ்சின. வெலஸ்லி வீதி வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டே வந்தேன்.